அம்மாவின் நிதானம்

நான்கு மாதங்களாக இப்பக்கத்தில் ஒன்றும் எழுதவில்லை. கேட்ட நண்பர்களிடம் ஆய்வேட்டுப் பணி என்று சொல்லி வந்தேன். அது பாதி உண்மை. மீதிப் பாதியை இன்று எழுதுகிறேன். பதிவு நீளமானது. வீட்டில் அறுபது கடந்த பெற்றோர் இருப்பவர்கள் மட்டுமாவது இறுதிவரை வாசிக்க வேண்டும் என்பது என் வேண்டுகோள்.

என் ஆய்வுப் பொருள் சங்க இலக்கியத்தில் முதுமை என்பதை இப்பக்கத்தைத் தொடர்பவர்கள் அறிவர். காரியவட்டம் வளாகத்து நூலகத்தில் அமர்ந்து நரை, திரை, மூப்பு, தளர்நடை, ஊன்றுகோல் எனச் சொல் வாரியாகக் குறிப்பட்டைகள் சேர்த்து வருகிறேன். புறநானூற்றின் 243ஆம் பாட்டில் முதியவர் ஒருவர், ஆழ்ந்த நீரில் குதித்து அடிமணலை அள்ளி வந்த தம் இளமையை நினைக்கிறார். இப்போது அவருக்கு மிஞ்சியிருப்பவை கையிலுள்ள கோலும், இருமலுக்கு இடையே வரும் சில சொற்களுமே. அந்தக் கோலே பாடியவருக்குப் பெயராகி, தொடித்தலை விழுத்தண்டினார் என்று அவர் வழங்கப்படுகிறார். இந்தப் பாட்டைப் பற்றி மணிக்கணக்கில் பேச என்னால் இயலும். ஆனால் என் தாய் என் கண்ணெதிரே தளர்ந்தபோது, அந்தத் தளர்ச்சியை நானும் முதுமை என்றே வாசித்தேன். தவறாக வாசித்தேன்.

எங்கள் வீடு குமரி மாவட்டத்தில், திருவட்டாற்றுக்கு அருகே. அம்மாவுக்கு வயது 69. அப்பா மறைந்த பின் ஒற்றை ஆளாய் என்னையும் தங்கையையும் வளர்த்தவள். அவள் நடந்தால் உடன் வருபவர் ஓட வேண்டும். பேசினால் மூன்று வீடுகளுக்குக் கேட்கும். விடியுமுன் எழுந்து ஆட்டுக்குக் குழை ஒடித்துப் போட்டுவிட்டு, ஆதிகேசவப் பெருமாளையும் கும்பிட்டு வந்துதான் அடுப்பு பற்ற வைப்பாள். எதிலும் குறை சொல்வாள். எங்களைத் திட்டாமல் ஒரு நாளும் கழிந்ததில்லை.

ஈராண்டுகளாக இது மாறியது. கோயிலுக்குப் போவது வாரத்துக்கு ஒரு முறையாகி, பின்பு நின்றுபோனது. தொலைபேசியில் நான் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருப்பாள். மறுமொழி வரச் சற்று நேரமாகும். திட்டுவது நின்றுவிட்டது. ஒரு நாள், ஆட்டை விற்றுவிட்டதாகச் சொன்னாள். "நல்லதாப் போச்சும்மா, இனி ஓய்வா இரு" என்று நான் மகிழ்ந்தேன். தங்கையும் நானும் பேசும்போதெல்லாம், "அம்மாவுக்கு இப்போதுதான் ஒரு நிதானம் வந்திருக்கிறது" என்று சொல்லிக்கொண்டோம். வயது ஒரு மனிதரைப் பக்குவப்படுத்துகிறது என்று அந்நாட்களில் இப்பக்கத்திலேயே ஒரு பதிவு எழுதினேன். நண்பர்கள் பலர் பாராட்டினார்கள். அதை இப்போது நீக்கிவிட்டேன்.

தை மாதத்தில் அம்மா குழித்துறையில் ரயிலேறி என்னிடம் வந்தாள். கழக்கூட்டத்தில் நான் குடியிருப்பது மாடி அறை, பதினெட்டுப் படிகள். எட்டாம் படியில் உட்கார்ந்துவிட்டாள். "முட்டு வலியா?" என்று கேட்டேன். "இல்ல மக்களே, வயசாச்சுல்லா" என்றாள்.

மறுநாள் மாலை காய்கறி வாங்கச் சந்திப்புக்குப் போனோம். தலைக்கு மேல் தேசிய நெடுஞ்சாலையின் மேம்பாலம். கீழே டெக்னோபார்க்கில் பணி முடிந்து திரும்பும் வண்டிகளின் நெரிசல். சாலையைக் கடக்கும்போது நடுவில் அம்மா நின்றாள். கையைப் பிடித்து இழுத்தேன். அசையவில்லை. முகம் வெளுத்து, கண்கள் எங்கோ பார்த்துக்கொண்டிருந்தன. ஒரு பேருந்து ஒலியெழுப்பியபடி மிக அருகே வந்து நின்றது. சில நொடிகள்தாம். பிறகு அவளாகவே நடந்து வந்து, மேம்பாலத் தூணின் அடியில் உட்கார்ந்தாள். ஓட்டோக்காரர் ஒருவர் தண்ணீர் கொண்டுவந்து, அம்மைக்குச் சர்க்கரை குறைந்திருக்கும் என்றார். அம்மாவுக்குச் சர்க்கரை நோய் இல்லை. "கண்ணு இருட்டிச்சு. சில நேரம் வரும், போவும்" என்றாள். எத்தனை நாளாக என்று கேட்டேன். பதில் சொல்லவில்லை.

மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தேன். கைபேசியில் முப்பது நொடி வைத்து எண்ணினேன். 19. இரண்டால் பெருக்கினால் 38. தவறாக எண்ணிவிட்டேன் என்று மீண்டும் எண்ணினேன். 19.

குமரி மாவட்டம் 1956 நவம்பர் 1 அன்று திருவிதாங்கூர் நிலப்பகுதியிலிருந்து பிரிந்து தமிழகத்தோடு இணைந்தது. ஆயினும் பெரிய நோய் வந்தால் எங்கள் ஊர்க்காரர்களின் கால்கள் இன்றும் திருவனந்தபுரத்தை நோக்கியே நடக்கும். 1951இல் தொடங்கிய மருத்துவக் கல்லூரியும், பின்னர் வந்த ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ நிறுவனமும் எங்களுக்கு வீட்டுப் பெயர்கள். வலியத்தான் தலைமையில் அந்நிறுவனம் உருவாக்கிய செயற்கை இதய வால்வு 1990 டிசம்பரில் முதன்முதலாக ஒரு நோயாளிக்குப் பொருத்தப்பட்டது. செயற்கை வால்வு பொருத்திய ஒருவர் எங்கள் தெருவிலும் இருந்தார். இரவில் அவர் பக்கத்தில் இருந்தால் நெஞ்சுக்குள் கடிகார ஓசை கேட்கும் என்று சிறு வயதில் நாங்கள் வியந்ததுண்டு. ஆகவே இதயத்துக்குள் கருவி என்பது அம்மாவுக்குப் புதிய செய்தி அன்று. தனக்கு அது வேண்டியிருக்கும் என்பதுதான் புதிது.

நகரத்தில் ஒரு மருத்துவரைப் பார்த்தோம். இசிஜி எடுத்த உடனே கருவி வைக்க வேண்டும் என்று சொல்வார் என அஞ்சியிருந்தேன். அவர் அப்படிச் சொல்லவில்லை. இதயத்தின் வலது மேலறையில், பெருஞ்சிரை வந்து சேரும் இடத்தில், சைனஸ் கணு என்னும் சிறு திசு இருக்கிறது. ஒவ்வொரு துடிப்புக்கும் முதல் மின்துடிப்பை எழுப்புவது அதுவே என்று தாளில் வரைந்து காட்டினார். அதைக் கண்டறிந்தவர்கள் ஆர்தர் கீத், மார்ட்டின் ஃபிளாக் என்னும் பிரித்தானியர், 1907இல் வெளியிட்டார்கள். ஃபிளாக் அப்போது மருத்துவ மாணவர். ஓர் அகழெலியின் இதயத்தை நுண்ணோக்கியில் பார்த்தபோதுதான் அது முதலில் அவர் கண்ணில் பட்டது என்பதைப் பின்னர் படித்தேன்.

வயது ஏறஏற இந்தக் கணுவின் உயிரணுக்கள் குறைந்து, அவ்விடத்தில் நார்த்திசு நிரம்புகிறது. நிமிடத்துக்கு 70 துடிப்பு என்று வைத்துக்கொண்டால் ஒரு நாளில் ஏறத்தாழ 1 லட்சம் துடிப்புகள். 38 என்றால் அதில் பாதியைச் சற்றே தாண்டும். ஆனால் எண்ணிக்கை குறைந்திருப்பது மட்டுமே நோய் ஆகாது என்றார் மருத்துவர். ஓட்டப் பந்தய வீரர்களுக்கும் உறங்குபவர்களுக்கும் துடிப்பு நாற்பதுகளுக்கு இறங்குவது இயல்பு. எந்த எண்ணுக்குக் கீழே போனால் கருவி வைக்க வேண்டும் என்று கோடு கிழிக்க இயலாது. உடல் படும் துன்பமும் இதயத்தின் தாமதமும் ஒரே நேரத்தில் நிகழ்கின்றனவா என்பதே கேள்வி. அதற்கும் முன்னால் வேறொரு கேள்வி உண்டு: இதயத்தை வேறு ஏதாவது தாமதப்படுத்துகிறதா?

தைராய்டு சுரப்பு, குருதியில் பொட்டாசியம் ஆகியவற்றைச் சோதித்தார். அவை சரியாக இருந்தன. உட்கொள்ளும் மருந்துகள் எல்லாவற்றையும் கொண்டுவரச் சொன்னார். அம்மா மாத்திரைப் பையைக் கொட்டினாள். குருதி அழுத்தத்துக்காகப் பல ஆண்டுகளாக அவள் விழுங்கிவரும் அட்டெனோலால் அதில் இருந்தது. துடிப்பைக் குறைக்கும் பீட்டா தடுப்பான் வகையைச் சேர்ந்தது அது. "வேறு ஒன்றும் இல்லையா? கண்ணுக்கு, காதுக்கு?" என்று கேட்டார். அம்மா சிரித்துக்கொண்டே, "கண்ணுக்குச் சொட்டு மருந்து ஊத்துதேன். அது மருந்தா?" என்றாள். கிளாக்கோமா என்னும் கண்ணழுத்த நோய்க்காக ஈராண்டுக்கு முன் தொடங்கிய டிமோலால் சொட்டு மருந்து. அதுவும் பீட்டா தடுப்பான்தான். கண்ணில் விடும் துளி, கண்ணீர்க் குழாய் வழியே மூக்கின் உட்படலத்தை அடைந்து நேரே குருதியில் கலக்கிறது. வயிற்றின் வழியே சென்றிருந்தால் கல்லீரல் அதில் ஒரு பகுதியைச் சிதைத்திருக்கும். இவ்வழியில் அதற்கும் வாய்ப்பில்லை.

ஈராண்டு! அம்மாவின் நிதானத்துக்கும் அதே வயது.

இருதய மருத்துவரும் கண் மருத்துவரும் கலந்து பேசி, இரண்டு மருந்துகளையும் படிப்படியாக மாற்றினார்கள். இதை வாசிக்கும் எவரும் தாமாக எந்த மருந்தையும் நிறுத்திவிடக் கூடாது. பீட்டா தடுப்பானைத் திடீரென்று நிறுத்துவதே ஆபத்து. மூன்று வாரம் கழித்துத் துடிப்பு 46 ஆயிற்று. சிக்கல் தீர்ந்தது என்று நினைத்தேன். அம்மா எட்டாம் படியில்தான் உட்கார்ந்தாள்.

பிறகு ஹோல்ட்டர் என்னும் சிறு பதிவுக் கருவியை மார்பில் ஒட்டி, இரண்டு நாள் கழித்து வரச் சொன்னார்கள். கூடவே ஒரு குறிப்பேடு. என்ன செய்தாலும், உடலில் எது தோன்றினாலும் நேரம் போட்டு எழுத வேண்டும். எட்டாம் வகுப்பு வரை படித்த அம்மா மிகவும் கருத்தாக எழுதினாள். அதிலிருந்து சில வரிகள்:

"காலை 6.40. பல்லு தேச்சேன். ஒண்ணும் இல்ல."

"10.15. படி ஏறினேன். எட்டாம் படியில கால் கனத்துப் போச்சு."

"4.10. மொட்டை மாடியில துணி எடுக்கப் போனேன். கண்ணு இருட்டிச்சு. கம்பியைப் புடிச்சேன். மக்களுக்கிட்ட சொல்லல்ல."

மருத்துவர் கருவியின் பதிவைக் கணினியில் விரித்து, குறிப்பேட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டார். ஒரே பாட்டின் இரண்டு சுவடிகளை வைத்துப் பாடம் ஒப்பிடுவது என் தொழில். அதையேதான் அவரும் செய்தார். 10.15இல் படி ஏறும்போது விரைய வேண்டிய துடிப்பு 51ஐத் தாண்டவில்லை. 4.10இல் ஒரு துடிப்புக்கும் அடுத்ததற்கும் இடையே வெறும் நேர்கோடு. 4.6 நொடி. இரத்த ஓட்டம் ஏழெட்டு நொடி நின்றால் மனிதர் நினைவிழந்து விழுவார். மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவரின் உயரம் எனக்குத் தெரியும். அம்மாவின் இடுப்பு வரைதான் வரும்.

இரண்டு சுவடிகளும் ஒத்திருந்தன. இனி ஐயத்துக்கு இடமில்லை. சைனஸ் கணு நலிந்துவிட்டது. இதயமுடுக்கி வைப்பது நல்லது என்றார் மருத்துவர். அவர் சொன்ன இன்னொன்றையும் இங்கே எழுத வேண்டும். மேலறைக்கும் கீழறைக்கும் இடையே மின்பாதை முற்றிலும் அறுபடும் நோய் வேறு. அதில் இதயமுடுக்கி உயிர் காக்கும். மயக்கம் வரும்வரை காத்திருக்கக் கூடாது. அம்மாவுக்கு வந்தது அதுவன்று. "இதனால் ஆயுள் கூடும் என்று நான் வாக்களிக்க மாட்டேன். படி ஏறுவார், மயங்கி விழமாட்டார் என்று சொல்வேன்" என்றார்.

அம்மா வேண்டாம் என்றாள். மூன்று நாள் அந்தச் சொல்லிலேயே நின்றாள். பணத்தைப் பற்றிய கவலை என்று நினைத்தோம். தங்கை வளையல்களை அடகு வைக்க முன்வந்தாள். காரணம் அதுவன்று. நான்காம் நாள் மருத்துவரிடம் அவளே நேராகக் கேட்டாள்: "டாக்டரே, போற உயிரை இது போவ விடாதா? மத்தவங்க எல்லாம் படுத்தா போயிருவாங்க. நான் மட்டும் போவாம கிடப்பனா?"

ஆராய்ச்சி செய்யும் எனக்குத் தோன்றாத கேள்வி. மருத்துவர் சிரிக்கவில்லை. நாற்காலியை அருகில் இழுத்துப் போட்டு விளக்கினார். இந்தக் கருவி இதயத்தைத் தூக்கி ஓட்டுவதில்லை. தானாகத் துடிப்பு வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருக்கும். குறித்த நேரத்துக்குள் வராவிட்டால் மட்டும் சிறு மின்துடிப்பு கொடுத்து நினைவூட்டும். உயிர் அடங்கும் வேளையில் இதயத் தசை எந்த நினைவூட்டலுக்கும் பதில் சொல்லாது. கருவி யாரையும் பிடித்து வைக்காது.

அம்மா அடுத்து, தெருக்காரரின் வால்வு போல ஓசை எழுமா என்று கேட்டாள். எழாது. "எரிக்கும்போது?" என்றாள். அதற்கு முன் மருத்துவமனையில் எடுத்துவிட வேண்டும். உள்ளிருக்கும் மின்கலம் நெருப்பில் வெடிக்கும் என்றார். அம்மாவின் முகம் தெளிந்தது. "அப்ப கம்மல் மாதிரி. கடைசியில கழட்டிக்கிடணும்" என்றாள். அதுதான் அவள் தந்த ஒப்புதல்.

அன்றிரவு அவளுக்கு ஆர்னே லார்சன் கதையைச் சொன்னேன். சுவீடன் நாட்டுக்காரர். நோய்த்தொற்றால் இதயத்தின் மின்பாதை கெட்டு, ஒரு நாளில் இருபது முப்பது முறை மயங்கி விழுந்தவர். அவர் மனைவி எல்சே மேரி, ஓக்கே செனிங் என்னும் அறுவை மருத்துவரையும் ரூனே எல்ம்க்விஸ்ட் என்னும் பொறியாளரையும் விடாமல் நச்சரித்து, ஆய்வுக்கூடத்தில் மட்டுமே இருந்த கருவியை மனித உடலுக்கு ஏற்றதாகச் செய்யவைத்தார். 1958 அக்டோபர் 8 அன்று ஸ்டாக்ஹோமில் அது லார்சனின் உடலுக்குள் வைக்கப்பட்டது. உடலுக்குள் முழுதும் பதிக்கப்பட்ட முதல் இதயமுடுக்கி அதுவே. சில மணி நேரத்தில் அது நின்றுபோனது. லார்சன் நிற்கவில்லை. மொத்தம் 26 கருவிகள் மாற்றி, 2001இல் 86ஆம் வயதில், இதயத்துக்குத் தொடர்பில்லாத புற்றுநோயால் இறந்தார். அவரைப் பிழைக்க வைத்த பொறியாளரும் மருத்துவரும் அவருக்கு முன்னரே மறைந்துவிட்டனர். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அம்மா, "அந்தாளுக்க பெஞ்சாதி கெட்டிக்காரி" என்று மட்டும் சொன்னாள்.

அறுவை ஒரு மணி நேரத்தில் முடிந்தது. முழு மயக்கம் இல்லை. அவ்விடம் மட்டும் மரத்துப்போகச் செய்தார்கள். இடது காறை எலும்புக்குக் கீழே தோலடியில் டைட்டானியக் கூடு. அதிலிருந்து சிரை வழியே இதயத்துக்குள் இறங்கும் மெல்லிய கம்பிகள். தொடக்கக் காலக் கருவிகளில் இருந்த மின்கலங்கள் ஈராண்டுக்குள் தீர்ந்துவிடும். எழுபதுகளில் லித்தியம் மின்கலம் வந்தபின் ஆயுள் நீண்டது; இக்காலக் கருவிகள் பத்தாண்டு அளவில் உழைக்கின்றன. கைபேசியைச் சட்டைப்பையில் வைக்காமல் வலது காதில் பேச வேண்டும். ஆறு வாரம் இடது கையைத் தோளுக்கு மேல் உயர்த்தக் கூடாது. கருவியின் அட்டையை எங்கு சென்றாலும் உடன் கொண்டு செல்ல வேண்டும். வேறு பெரிய கட்டுப்பாடு இல்லை.

மறுநாள் காலை அம்மாவின் கையைப் பிடித்தேன். சூடாக இருந்தது. அது ஈராண்டுகளாகக் குளிர்ந்திருந்ததை அப்போதுதான் உணர்ந்தேன். நண்பகலில் நான் வாங்கி வந்த கஞ்சியை ஒரு வாய் குடித்துவிட்டு, "இதுக்குப் பேரு கஞ்சியா? உப்பும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. இத்தற நேரம் எங்க போயிருந்த?" என்று அறை முழுதும் கேட்கத் திட்டினாள். பக்கத்துப் படுக்கைக்காரர்கள் திரும்பிப் பார்த்தனர். நான் வெளியே வராந்தாவில் போய் நின்று அழுதேன்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். முட்டு வலி இருக்கிறது. பெயர்கள் மறக்கின்றன. நள்ளிரவில் விழித்துக்கொள்கிறாள். இவை முதுமை, இவற்றுக்குக் கருவி இல்லை. ஆனால் ஈராண்டுகளாக நாங்கள் முதுமை என்று பெயரிட்டு ஒதுக்கியதில் ஒரு பாதி, எண்ணிப் பார்த்தால் தெரிந்திருக்கக்கூடிய நோய். அவள் ஆட்டை விற்றது பக்குவத்தால் அன்று. கயிற்றைப் பிடித்து நடக்க மூச்சில்லாததால். திட்டாமல் இருந்தது எங்கள்மேல் அன்பு கூடியதால் அன்று. அவளும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. இரு தரப்புக்கும் "வயசாச்சு" என்ற ஒரு சொல் போதுமானதாக இருந்தது.

ஆகவே நண்பர்களிடம் ஒன்று கேட்கிறேன். இந்த வாரம் ஊருக்குப் போனால் அம்மாவின், அப்பாவின் கையைப் பிடியுங்கள். ஐந்து நிமிடம் அமர்ந்திருந்த பிறகு, மணிக்கட்டில் பெருவிரல் பக்கமாக நடு மூன்று விரல்களை மெல்ல வைத்து, ஒரு நிமிடம் முழுதாக எண்ணுங்கள். 50க்குக் கீழே இருந்தாலோ, விட்டு விட்டுத் துடித்தாலோ அஞ்ச வேண்டாம். ஆனால் ஒரு மருத்துவரிடம் சொல்லுங்கள். மயக்கமோ கண் இருட்டலோ இருந்தால் காத்திருக்காமல் அன்றே செல்லுங்கள். போகும்போது சொட்டு மருந்து உட்பட எல்லா மருந்துகளையும் எடுத்துச் செல்லுங்கள். எண்ணிக்கை சரியாக இருந்தாலும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: போன ஆண்டு செய்த எதை இந்த ஆண்டு நிறுத்திவிட்டீர்கள், ஏன்?

அம்மா ஊருக்குத் திரும்பி ஐந்து வாரமாகிறது. நேற்று அழைத்தாள். பக்கத்து வீட்டில் பெட்டைக்குட்டி ஒன்று விலைக்கு வந்திருக்கிறதாம். கை உயர்த்தக் கூடாதே, கயிறு இழுக்குமே என்றேன். "ஆறு வாரம் வாற வியாழக்கிழமை முடியுது. நான் எண்ணிக்கிட்டுத்தான் இருக்கேன்" என்றாள்.